முகம் தேய்த்த சுக்கான்கல்

கல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு கரட்டுக் குன்றின் சரிவில் சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. காய்ந்த சுள்ளி முறிவது போன்ற சத்தம். ஆட்காட்டிக் குருவியின் முட்டை அண்டங்காக்கையின் அலகில் உடைந்த சத்தம் அது. கேட்ட கற்கள் வெகுகாலம் அதை மறக்கவில்லை.

அப்போது மங்கலான கல் என்று ஒன்று கிடையாது. வெங்கச்சங்கல் பாலைப் போல வெளுத்து மின்னும். காக்காப்பொன் தகதகக்கும். சுக்கான்கல்லும் அவற்றுக்கு இளைத்ததில்லை. வழுவழுவென்ற அதன் முகத்தில் மேகம் போவது தெரியும். விடியும் முன்பே கற்களெல்லாம் பனியில் முகம் கழுவிக்கொண்டு கிழக்கே பார்த்திருக்கும். கதிர் பட்டதும் கரடு முழுவதும் ஒரே விளக்காக எரியும். முகம் மங்கிய கல்லோடு மற்றவை பேசுவதில்லை. அது அவற்றின் குலவழக்கம்.

ஆட்காட்டிக்கு மரக்கிளையைப் பற்றிப் பிடிக்கும் கால் இல்லை. தரையில்தான் முட்டையிட வேண்டும். மின்னும் கற்களுக்கு நடுவே அதன் மண்நிற முட்டைகள், வெள்ளை வேட்டியில் தெறித்த சேறு போல, வானத்திலிருந்தே தெரிந்தன.

குருவி அழுததைக் கண்டு கற்கள் இரங்கின.

"கவலைப்படாதே தங்கச்சி. அடுத்த தடவை நாங்க இன்னும் பளிச்சுனு இருக்கோம். காக்காய்க்குக் கண்ணு கூசட்டும்!" என்றது வெங்கச்சங்கல்.

சொன்னபடியே அவை ஒன்றுக்கு இரண்டு முறை முகம் கழுவின. கல்லுக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதான். காக்கை முன்னிலும் விரைவாக வந்தது.

மறுபடி முட்டையிடும் வேளை நெருங்கியபோது குருவி சுக்கான்கல்லின் அருகில் வந்து நின்றது.

"அண்ணே, இந்த வருசத்துக்கு இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா..."

சுக்கான்கல் உடைந்து கிடந்த முட்டை ஓடுகளைப் பார்த்தது.

"காக்காயைக் கூப்பிட்டதே நாமதான். நம்ம வெளிச்சம்தான் முட்டையைக் காட்டிக் கொடுக்குது," என்றது.

"அதுக்காக? முகத்துல மண்ணை அப்பிக்கப் போறியா?" என்று கேட்டது காக்காப்பொன்.

"மண்ணு காத்துல போயிடும். தேச்சுக்கப் போறேன்."

"பைத்தியமே! தேஞ்ச முகம் திரும்பாது. அப்புறம் உன்னோட யாரு பேசுவா?"

"உனக்கென்னப்பா, பேருலயே காக்காயை வச்சிருக்கே. அது உன் சொந்தக்காரன்!"

கற்கள் சிரித்தன. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சுக்கான்கல் மேட்டிலிருந்து தன்னைத் தள்ளிவிட்டுக்கொண்டது. பாறையில் மோதி, சரளையில் உரசி, தோல் கிழியக் கிழிய உருண்டது. அடிவாரத்தில் போய் நின்றபோது, அதன் மேல் விழுந்த வெயில் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. மேலே இருந்த அதன் இனத்துக் கற்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு அவையும் உருண்டன.

குருவி அவற்றின் நடுவே முட்டையிட்டது.

காக்கை வந்தது. வட்டமடித்துப் பார்த்தது. ஒன்றும் பிடிபடாமல் கீழே இறங்கி நடந்தது.

"இதுல முட்டை எது, கல்லு எது?"

"எல்லாம் கல்லுதான். நம்பிக்கை இல்லேன்னா கொத்திப் பாரு," என்றது சுக்கான்கல். முட்டைகள் அதை ஒட்டித்தான் கிடந்தன.

காக்கை ஓங்கிக் கொத்தியது. சுக்கான்கல்லின் மேல் குழி விழுந்தது. அது முனகக்கூட இல்லை. மறுபடியும் கொத்திப் பார்த்த காக்கை, அலகு வலிக்க, "சனியன் பிடிச்ச கரடு!" என்று திட்டிக்கொண்டே பறந்துபோனது.

மேலே இருந்த கற்கள் குலவழக்கப்படி சுக்கான்கல்லோடு பேச்சை நிறுத்தின. அதுவும் போய்க் கெஞ்சவில்லை.

முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் பஞ்சு உருண்டைகளாக ஓடித் திரிந்த காலையில், சூரியன் சுக்கான்கல்லின் முன் குனிந்தான்.

"உன் பழைய முகத்தைத் தருகிறேன். ஒருமுறைதான் கேட்பேன். வேண்டுமா?"

தன் முகத்தில் மேகங்கள் போனது சுக்கான்கல்லுக்கும் நினைவிருந்தது. அந்த நேரம் இன்னொரு ஆட்காட்டி தயங்கித் தயங்கி வந்து, முட்டையிட இடம் பார்த்துத் தரையைக் காலால் கீறியது.

"இதோ, இவளும் வந்துட்டா சாமி. எனக்கு இந்த முகமே இருக்கட்டும். அது நீ கொடுத்தது. இது நானே தேடிக்கிட்டது."

நிமிர்ந்துதான் சொன்னது.

அன்று தொட்டுத்தான் கற்களில் சில மின்னுகின்றன, சில மங்கிக் கிடக்கின்றன. ஆட்காட்டியும் மங்கிய கற்களைத் தேடிப்போய் முட்டையிடுகிறது. முதலில் உருண்ட அந்தச் சுக்கான்கல் பல மழைக்காலங்கள் அடிவாரத்திலேயே கிடந்து, கரைந்து, மண்ணாயிற்று.