பிரேக்கருக்கு ஒரு மந்திரம்

வெள்ளிங்கிரி சாமியிடம் பலரும் பலவிதமாகக் கேட்டு வருவார்கள். பிள்ளை வரம், வேலை வரம், பக்கத்துத் தோட்டத்துக்காரன் கிணறு வற்றும் வரம். மின்சார பிரேக்கருக்கு மந்திரம் கேட்டு வந்தவர் நாச்சிமுத்து ஒருவர்தான்.

நாச்சிமுத்து லேத் பட்டறை வைத்திருக்கிறவர். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வந்து காலில் விழுவார். விழுவது சுலபம், எழுவதற்குத்தான் நேரமாகும்.

அந்த முறை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"சாமீ, என் மானம் உங்க கையிலதானுங்க இருக்குது."

"உக்காருங்க. மோர் குடிச்சுட்டு மானத்தைப் பத்திப் பேசலாம்," என்றார் குரு.

விஷயம் இதுதான். ஊர் அம்மன் கோயில் தேருக்குப் புதிதாக இரும்பு அச்சு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கடைசல் வேலையை நாச்சிமுத்து கெஞ்சிக் கேட்டு வாங்கினார். அதற்கென்றே ஒரு பழைய பெரிய லேத்தையும் வாங்கி நிறுத்தினார். கிரேன் வைத்து அச்சைத் தூக்கி மாட்டியும் ஆயிற்று. சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும். அச்சு அரைச் சுற்று திரும்பும். உடனே டப்பென்று பிரேக்கர் விழும். பட்டறை இருண்டுவிடும். பின்கட்டு வீட்டில் அவர் மனைவி செல்லாத்தாள் மாவாட்டிக்கொண்டிருக்கும் கிரைண்டரும் நின்றுவிடும். கிரைண்டர் நின்றதும் செல்லாத்தாளின் குரல் கிளம்பும். அதற்குப் பிரேக்கர் கிடையாது.

கோயில்காரர்கள் வந்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மிஷின் ஓடாவிட்டால் அச்சைக் கழற்றி நாச்சிமுத்துவின் மச்சான் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் பட்டறைக்கு அச்சு போவதைவிடத் தன் தலை போவது மேல் என்பது நாச்சிமுத்துவின் கருத்து.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?" என்று கேட்டார் குரு.

"பூசணிக்கா உடைச்சேனுங்க. மோட்டாருக்கு எலுமிச்சங்கா கட்டினேன். ஜோசியர் குறிச்ச நேரத்துல, கிழக்கப் பாத்து நின்னு சுவிட்சு போட்டேன்."

"என்னாச்சு?"

"கிழக்கப் பாத்தும் விழுந்துதுங்க."

"எலக்ட்ரீசியன் என்ன சொல்றான்?"

"பெரிய பிரேக்கரா மாட்டுடான்னேன். 'மாட்டலாமுங்க, அப்புறம் பிரேக்கர் விழாது, ஒயர் எரியும், பரவாயில்லீங்களா'ங்கறான். பெரியவங்க கிட்டப் பேசற பேச்சா இது?"

குரு தாடியைச் சொறிந்துகொண்டார். மிஷின் விஷயத்தில் அவருக்கு மிக்ஸி அளவுக்குத்தான் ஞானம்.

"அந்த அச்சைச் சுத்தாம, மோட்டாரை மட்டும் மொதல்ல சுத்த விட வழியில்லீங்களா?"

நாச்சிமுத்து தயங்கினார். மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருக்குதுங்க. கிளட்ச் லீவர்னு ஒண்ணு இருக்குது. அதை நடுவுல தள்ளி வெச்சா மோட்டார் மட்டும் சும்மா சுத்தும். வேகம் புடிச்சதும் லீவரைப் போட்டா அச்சு சுத்த ஆரம்பிக்கும்."

"அப்புறமென்ன?"

"அந்த லீவரைக் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கறனுங்க. யாரும் தெரியாம நடுவுல தள்ளிப்புடக் கூடாது பாருங்க."

"ஏனுங்க?"

"வேலையில்லாம வெறுமனே மிஷின் ஓடறது அபசகுனமுங்க. வெறும் மிஷின் ஓடினா பட்டறை வெறிச்சோடிப் போகும்பாரு எங்கப்பா. இது சாமி காரியம் வேற. மொத ஓட்டமே வெறும் ஓட்டம்னா உருப்படுங்களா? அதனாலதான் மந்திரம் கேக்கறேன். பிரேக்கர் மேல ஒட்டற மாதிரி, சின்னதா இருந்தாப் போதும்."

குரு கண்களை மூடினார். மந்திரம் வருகிறது என்று நாச்சிமுத்து கை கூப்பினார். குரு கண்களைத் திறந்து, மடத்துச் சமையல்காரர் ஒண்டிமுத்துவைக் கூப்பிட்டார்.

"அந்த அரிசி மூட்டையக் கொண்டாந்து இவரு தோள்ல வையி."

"உக்காந்திருக்கறாருங்களே சாமி."

"உக்காந்திருக்கறப்பவே வையி."

ஒண்டிமுத்து வைத்தார். நாச்சிமுத்துவின் கழுத்து காணாமல் போனது.

"அப்படியே எந்திரிச்சு, சமையக்கட்டுல கொண்டுபோய்ப் போடுங்க," என்றார் குரு.

குரு சொல் தட்டாத சீடர். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. வேட்டி எங்கேயோ கிழிந்தது. அரை அடி எழும்பிய மனுஷர் பக்கவாட்டில் சாய்ந்து, மூட்டையோடு உருண்டார்.

"விழுந்துட்டாருங்க," என்றார் ஒண்டிமுத்து, சாமிக்குக் கண் தெரியாதது போல.

"இன்னொரு தரம் பாக்கலாம். இப்பக் கிழக்கப் பாத்து உக்காருங்க," என்றார் குரு.

கிழக்கே பார்த்தும் விழுந்தார்.

"சரி. மூட்டையை எடுத்துரு. நீங்க மட்டும் எந்திரிங்க."

நாச்சிமுத்து தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"சும்மா கொஞ்சம் நடங்க."

நடந்தார்.

"இப்ப வையி."

மூட்டை தோளில் ஏறியது. கால் கொஞ்சம் தடுமாறி, பிறகு நிலைத்தது. நாச்சிமுத்து நேராகச் சமையல்கட்டுக்குப் போய் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டபோது முகத்தில் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது. குருவைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"நீங்க சொல்ல வர்றது புரியுதுங்க சாமி. இது எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. லேத்து வெச்சுப் பொழைக்கறவன், கிளட்ச் எதுக்குன்னு தெரியாமலா இருப்பேன்?"

"பின்னே?"

"பயமா இருக்குதுங்க."

நாச்சிமுத்து வேட்டி கிழிந்த இடத்தை இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்பா சொன்னதை மீறி வெறும் ஓட்டம் விட்டு, நாளைக்குத் தேருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஊர் சொல்றது இருக்கட்டுமுங்க. என் மனசே என்னைச் சும்மா விடுமா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குருவின் முகத்தில் இருந்த குறும்பும் அடங்கிவிட்டது. பாவம், மனுஷர் பிடிவாதத்தில் கட்டிய கயிறு இல்லை அது. ஒண்டிமுத்துகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். குரு நாச்சிமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அச்சைக் கடைஞ்சு முடிச்சதும் தேர்ல மாட்டுவீங்க. அதுக்கப்புறம்?"

"வெள்ளோட்டம் விடுவாங்க சாமி. புது அச்சு பாருங்க, ஓட்டிப் பாக்கோணுமல்ல."

"அன்னிக்கு அம்மன் தேர்ல ஏறுமா?"

"அதெப்படீங்க ஏறும்? அன்னிக்கு வெறுந்தேரைத்தான் இழுப்போம். நாலு வீதியும் நல்லபடியாச் சுத்தி நிலைக்கு வந்து சேரோணும். அதுக்கப்புறம் திருவிழா அன்னிக்குத்தான் அம்மனை ஏத்துவாங்க."

"வெறுந்தேருன்னா ஆளுக வர மாட்டாங்களே?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க. மேளம், வெடி, எல்லாம் அமர்க்களப்படும். ஊரே வந்து வடம் புடிக்கும். போன வெள்ளோட்டத்துக்கு எங்கப்பாதான் மொத ஆளா நின்னு வடம்..."

நாச்சிமுத்து பாதியில் நிறுத்தினார்.

குரு அவர் தோளில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

"வெறுந்தேரு ஓடி முடியட்டும்னு அம்மனே கோயிலுக்குள்ள காத்துக்கிட்டிருக்குது. உங்க அச்சுக்கு மட்டும் என்னங்க அவசரம்?"