மிக்ஸிக்கு மாட்டிய ஃபில்டர்

ஹை-ஃபை இசையைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்கள், வீட்டில் மிக்ஸி ஓட்டுகிறவளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. செங்கமலம் பின்கட்டில் இட்லிப்பொடி அரைத்து விற்றாள். மின் இரைச்சலை வடிகட்ட விலையுயர்ந்த இறக்குமதி ஃபில்டர் மாட்டியிருந்தும், அவள் அரைக்கும்போதெல்லாம் மாமனார் ரங்கமன்னாரின் ஸ்பீக்கர் கரகரத்தது.

“மிக்ஸியும் ஓடணும், கரகரப்பும் வரக்கூடாது. முடியலேன்னா வியாபாரத்தை மூட்டை கட்டு!” என்றார்.

அவள் மலிவான மின்சார ஃபில்டர் ஒன்றை வாங்கி மிக்ஸிக்கு மாட்டினாள். ஞாயிறன்று மாமனாரின் நண்பர்கள் பாட்டுக் கேட்க வந்திருந்தார்கள். பின்கட்டில் மிக்ஸி ஓட, கூடத்தில் வீணை துல்லியமாக ஒலித்தது.

“எல்லாம் என் இறக்குமதி ஃபில்டரோட மகிமை!” என்று ரங்கமன்னார் நண்பர்களிடம் பெருமையடித்தார்.

செங்கமலம் தன் ஃபில்டரைக் கழற்றி, மிக்ஸியை ஓடவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஸ்பீக்கர் உறுமியது.

“மாமா, மிக்ஸியில இருந்து இதைக் கழற்றினேன். உங்க மகிமைக்குத் தொண்டை கட்டிடுச்சே!”

நண்பர்கள் சிரித்து, அவள் கையிலிருந்த ஃபில்டர் கிடைக்கும் கடையை விசாரித்தார்கள்.

செங்கமலம் வியாபாரத்தை நிறுத்தவில்லை. மறு ஆண்டு கடைவீதியில் பொடிக்கடை திறந்தாள்.