தகடு இல்லாத மிஷின்

தூத்துக்குடியில் பிலோமி என்றொரு மெக்கானிக் இருந்தாள். கம்பெனித் தையல் மிஷின்களைப் பிரித்துப் பார்ப்பதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு இணை கிடையாது. வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் பழக வந்த தஸ்நேவிசுக்கு ஐம்பத்தாறு. கிட்டங்கி வாசலில் லாரிகளைச் சோதனை போடும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். யாரைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

ஒருநாள் காலை ஜெசிந்தா வந்தாள். அவளும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து, படகிலிருந்து ஐஸ் பெட்டி தூக்கும் பெல்ட்டுகளைத் தைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்காக ஒரு பழைய மிஷின் பார்த்து வைத்திருந்தாள். விற்பவர் பேச்சிமுத்து அதை ஆட்டோவில் ஏற்றிக் கூடவே கொண்டு வந்திருந்தார். இது என்ன மிஷின், என்ன நூல் ஓடும் என்று பிலோமி பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன வருடம் வேறெங்கோ தைத்த பெல்ட் ஒன்று அறுந்து, கீழே நின்றவர் மேல் பெட்டி விழுந்தது. அவர் ஜெசிந்தாவின் கொழுந்தன். இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார்.

மிஷினில் பேர்த்தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள். உடம்பு முழுக்கப் புதுப் பச்சைப் பெயின்ட்.

தஸ்நேவிஸ் டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“திருட்டு மிஷின் டீச்சர். நம்பரை மறைச்சிருக்கான்.”

“இருக்கலாம்.”

“கேட்டுருவோமா?”

“நீங்க அவர்கிட்டக் கேளுங்க. நான் மிஷின்கிட்டக் கேக்கேன்.”

தஸ்நேவிஸ் கேட்டார். எங்கே வாங்கியது, யாரிடம், பெயின்ட் எதற்கு. ஆம்பூர்ப் பக்கம் மூடிப்போன செருப்புக் கம்பெனி ஒன்றின் ஏலத்தில் எடுத்தது, வரும்போதே தகடு இல்லை, துருப்பிடித்துக் கிடந்ததால் பெயின்ட் அடித்தேன், இரண்டு மடிப்பு பெல்ட்டுக்கு மேல் இதில் போடக்கூடாது என்று இந்த அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டேன் என்றார் பேச்சிமுத்து. ஏலச்சீட்டையும் நீட்டினார். தஸ்நேவிஸ் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரண்டு கையெழுத்தும் ஒரே பேனாவில் இருக்கிறதே என்றார்.

பேச்சிமுத்து டீ கிளாசைப் பாதியில் கீழே வைத்தார்.

“நான் களவாணி இல்ல அண்ணாச்சி.”

அதற்குள் பிலோமி ஊசிக்குக் கீழிருந்த தகட்டைக் கழற்றியிருந்தாள். உள்ளே அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் வெள்ளைக் காகிதத்தில் தட்டினாள். பழுப்பாக ஒரு பொடி விழுந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுத் தஸ்நேவிசிடம் நீட்டினாள். தோல் வாசனை. பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றினாள். ஊசியும், துணியை அழுத்திப் பிடிக்கும் காலும் சேர்ந்தே முன்னே நடந்தன. காலைத் தூக்கிப் பெல்ட்டை மடித்துச் சொருகினாள். இரண்டு மடிப்பு போயிற்று. மூன்றாவது போகவில்லை.

“செருப்பு தைச்ச மிஷின்தான். அவர் சொன்ன அளவுதான் தாங்கும்,” என்றாள்.

அடுத்து நூல். தஸ்நேவிசே பைக்குள்ளிருந்து ஒரு பெரிய நூல்கண்டை எடுத்து வைத்தார். அவருடைய சகலை கடையில் வாங்கியது. நைலான் என்று சீட்டு ஒட்டியிருந்தது, நல்ல பளபளப்பு. பிலோமி மிஷினின் ஊசியைக் கழற்றி, அதில் ஒரு முழம் நூலைக் கோத்துச் சாய்வாகப் பிடித்தாள். ஊசி எங்கேயும் சிக்காமல் தானாகவே வழுக்கிக் கீழே இறங்கியது.

“கனம் சரி,” என்றாள்.

நூல் சரி என்றே தஸ்நேவிஸ் காதில் விழுந்தது. அவரே உட்கார்ந்து ஒரு பெல்ட் தைத்தார். தையல் மேலும் கீழும் ஒரே மாதிரி விழுந்தது. ஜெசிந்தா அதை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

“மிஷின் தப்பிச்சிருச்சு. ஆனா அந்த ஆளை நான் இன்னும் நம்பல,” என்று தஸ்நேவிஸ் டீச்சர் காதில் சொன்னார்.

பிலோமி அந்தப் பெல்ட்டைக் கப்பியில் மாட்டி, ஒரு பழைய மோட்டாரைக் கட்டி, இடுப்பு உயரத்துக்கு ஏற்றினாள்.

“உங்க காலைக் கீழ வையுங்க அண்ணாச்சி.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். அண்ணாந்து தையலைப் பார்த்தார். காலை இழுத்துக்கொண்டார்.

“ஏன்?”

மிஷினைப் பார்த்தாயிற்று. சீட்டைப் பார்த்தாயிற்று. ஆளையும் பார்த்தாயிற்று. அவர் மேஜையிலிருந்த நூல்கண்டை எடுத்தார். ஒரு சாண் அறுத்துத் தீக்குச்சியில் காட்டினார்.

நைலான் உருகிக் குண்டுமணியாகத் திரண்டிருக்க வேண்டும். இது கொழுந்துவிட்டு எரிந்தது. காகிதம் கருகிய வாசனை. சாம்பல் அவர் உள்ளங்கையில் விழுந்து உதிர்ந்தது. மெழுகிப் பளபளப்பாக்கிய பருத்தி நூல்.

உப்புத்தண்ணீரில் பருத்தி மக்கிப்போகும் என்று ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தஸ்நேவிஸ் பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் ஆறிய டீயை எடுத்துப் போய் ஊற்றிவிட்டு, வேறு வாங்கி வந்து வைத்தார்.

பிறகு டீச்சரிடம் வந்தார்.

“சகலை தெரிஞ்சே குடுத்தானா, இல்ல அவனையே எவனும் ஏமாத்திட்டானா? இப்பவே போய்க் கேட்டுட்டு வாரேன் டீச்சர். இதுல எவன் களவாணின்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது.”

பிலோமி மோட்டாரை இறக்கினாள். பெல்ட்டைக் கழற்றி, தையல் பிரிக்கும் பிளேடோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“அதைக் கண்டுபிடிச்சிட்டா, இந்தத் தையல் நிக்குமா அண்ணாச்சி?”