சர்க்கார் வைத்த பெட்டி

ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் ஒரு காயல். பனி இறங்கின காலையில் அங்கே தண்ணீர் எது, வானம் எது என்று சொல்ல முடியாது. படகெல்லாம் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். அந்தக் காயலுக்குள்ளே சின்னச் சின்னதாகத் தீவுகள்.

தீவுக்கு ஒன்றாகச் சர்க்கார் ஒரு பேசும் பெட்டி வைத்தது. செயற்கை அறிவு என்று அதற்குப் பேர். கேட்டதற்கெல்லாம் நல்ல குரலில் பதில் சொல்லும். அதோடு எப்படிப் பழக வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பூங்கோதை டீச்சரை ஒரு பெரிய படகில் அனுப்பியது.

டீச்சரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் தங்கவேலு. வயதில் டீச்சரைவிட மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்தவர்.

அன்றைக்குப் படகு போய்க்கொண்டிருந்தது. பனிக்குள் ஒரு நாரை நின்றது. அடுத்த பார்வைக்கு அது இல்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"பெட்டி தமிழ்லதான் பேசுது. வாய் இருக்கிறவன் கேட்டுட்டுப் போறான். இதுல நாம சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு? சர்க்கார் எதுக்கு நம்மள அனுப்பி வெச்சிருக்கு?"

டீச்சர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கரை வரட்டும்ணே."

கரை வந்தது. கரையில் ஒரு கூட்டம். நடுவிலே வேம்பு என்கிற பெண் சின்னத் தோணியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தூக்குச் சட்டி சோறு. ஒரு குடம் தண்ணீர். மடித்து வைத்த ஆம்பளைச் சட்டை ஒன்று.

போன அமாவாசைக்குக் கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. தேடப் போன படகுகள் வெறுமனே வந்துவிட்டன.

"அண்ணி, சொன்னாக் கேளு. முகத்துவாரத்துல அலை எப்படிப் புரட்டுது பாரு. இந்தத் தோணி தாங்காது" என்றான் கொழுந்தன் மாசி.

"பெட்டி சொல்லிட்டுது. கிழக்கால மணல்திட்டுல ஒதுங்கியிருக்காராம்."

"அப்போ பெட்டியையும் தூக்கித் தோணியில வெச்சுக்கம்மா, கூடவே வழி சொல்லிக்கிட்டு வரும்" என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர்.

"உன் வாயில மண்ணு விழ. சர்க்கார் வெச்ச பெட்டிய்யா அது. சர்க்கார் எங்கிட்ட வந்து பொய் சொல்லுமா?" என்றாள் வேம்பு.

தங்கவேலு முன்னால் போனார்.

"இல்லம்மா, அது சில நேரம் தப்பா..."

"அப்போ எங்க வூட்டுக்காரரு செத்துட்டாருன்னு சொல்றியா நீ?"

தங்கவேலு பின்னால் வந்துவிட்டார்.

டீச்சர் தோணியைப் பிடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

"வேம்பு, போறதுதான் போறே. எனக்காக இன்னொரு தடவை கேட்டுட்டுப் போ."

புயலுக்கு ஒதுங்குகிற கட்டடத்தில்தான் பெட்டி இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளேயும் பனி. அதற்குள் பச்சையாக ஒரு வெளிச்சம், மின்மினி உட்கார்ந்திருக்கிற மாதிரி.

வேம்பு குனிந்து கேட்டாள். "எங்க வூட்டுக்காரரு கிழக்குத் திட்டுலதானே இருக்காரு?"

"ஆம். அதற்கு வாய்ப்பு மிக அதிகம். அவர் உங்களுக்காகக் காத்திருக்கலாம்" என்றது பெட்டி. தாலாட்டுகிற குரல்.

வேம்பு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

"மாசி, இப்ப நீ கேளுப்பா" என்றார் டீச்சர்.

மாசி தயங்கித் தயங்கி வந்தான். "நீரோட்டம் தெக்க இழுக்குது. எங்கண்ணன் தெக்கதானே போயிருப்பான்?"

"ஆம். நீங்கள் சொல்வது சரி. அவர் தெற்கே சென்றிருக்கவே வாய்ப்பு அதிகம்."

அதே வெளிச்சம். அதே குரல்.

எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள். கூரையிலிருந்து பனித்தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வேம்பு மறுபடி குனிந்தாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி, வாயைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள்.

"அவரு போயிட்டாரு. அப்படித்தானே?"

"ஆம். உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் பின்னாடியேல்ல வருது" என்றாள். பிறகு நிமிர்ந்து, "அவரு இருக்காரா இல்லையான்னு உனக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது வேம்பு."

"சர்க்காருக்கு?"

"சர்க்காருக்கும் தெரியாது."

வேம்பு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாளில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி போய்த் தோணியிலிருந்து சோற்றுச் சட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள்.

டீச்சர் அவள் தோளைத் தொட்டார்.

"எங்க படகு பெரிசு. முகத்துவாரத்தைத் தாண்டும். கிழக்கேயும் பார்க்கிறோம், தெக்கேயும் பார்க்கிறோம். நீ ரெண்டு வாய் சாப்பிட்டு இரு."

படகு கிளம்பியது. படகின் முன்முனையில் மாசி நின்றான், கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு. தீவு பனிக்குள் கரைந்தது. பிறகு சுற்றிலும் வெள்ளை.

வெகுதூரம் போன பிறகு தங்கவேலு பேசினார்.

"நல்ல வார்த்தை ஏதாவது சொல்லியிருக்கலாமே டீச்சர். தெரியாதுன்னு பட்டுனு சொல்லிட்டீங்க. அதைச் சொல்றதுக்கா ஒரு சர்க்கார் ஆள் அனுப்பும்?"

டீச்சர் பனிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டிக்கு அந்த ஒரு வார்த்தை வாயில வரலையேண்ணே. வந்திருந்தா நாம எதுக்கு?"

 தங்கவேலு எழுந்து போய் மாசி பக்கத்தில் நின்றார். அவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் தெற்கே பார்த்தார்.