இறக்கத்தில் நின்ற வண்டி

வண்டி டீசல் குடித்தது.

பழைய பிக்கப் வண்டி. முன்பெல்லாம் ஒரு முறை டேங்கை நிரப்பினால், மலையில் மூன்று ஊருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டு வாரம் முழுக்க ஓடும். இப்போது பாதி வாரத்திலேயே முள் படுத்துவிடுகிறது.

அறச்சாலைக்கு டீசல் தர்மமாக வருவது. தருகிறவரிடம் இன்னும் கொடு என்று கேட்க முடியாது. அதனால் மூன்றாவது ஊரை நிறுத்திவிட்டார்கள். உச்சியில் இருக்கிற மேல்முகடு. நடக்க முடிந்தவர்களெல்லாம் பிழைக்கப் போய்விட்ட ஊர். மிச்சம் இருப்பவர்கள் கஞ்சியை எதிர்பார்த்து இருப்பவர்கள்.

வண்டியோட்டி கனகசபை, அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"திருடுறான்மா."

அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அறச்சாலையின் தலைவி. கனகசபையைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு. பஸ் டெப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற கனகசபை, உபதேசம் வேண்டும் என்று வந்து நின்ற அன்று, அம்மா வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு உபதேசம் ஒன்றும் வரவில்லை.

"யாரு?"

"பின்னால உட்கார்ந்து வர்றானே, கஞ்சி ஊத்துற மலைக்காரன். டீசல் எடுக்கிறான்."

"பார்த்தீங்களா?"

"நடுவூர்ல கஞ்சி ஊத்தி முடிஞ்சதும் ஒரு வெள்ளைக் கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு மேல ஏறிப் போறான். தினமும் போறான். நான் கொஞ்சம் கண்ணசந்து எழுந்து வண்டியைத் திருப்புறதுக்குள்ள காலிக் கேனோட வந்து நிக்கிறான்."

"கேன்ல என்ன?"

"வேற என்ன இருக்கும்?"

அம்மா ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"அவர் பேரு என்ன?"

கனகசபைக்குத் தெரியாது.

இரண்டு மழைக்காலமாக ஒரே வண்டி. ஏய் என்றால் திரும்புவான். இந்தாப்பா என்றால் வருவான். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

"பேருக்கு என்னம்மா இப்ப? இங்கே ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"வெளியே அனுப்புறதுன்னா பேர் சொல்லித்தான் அனுப்பணும். கேட்டுட்டு வாங்க."

கனகசபை கேட்கவில்லை. திருடனிடம் போய்ப் பேர் விசாரிப்பதா?

டவுனுக்குப் போய் டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

டீசல் குறைந்தது.

வண்டிக்கு அடியில் படுத்து டீசல் போகும் குழாயைத் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். ஒரு படி புழுதி கொட்டியது. சரி, இதுதான் என்று நினைத்தார். இல்லை. டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சுத்தம் செய்து மாட்டினார். டயருக்குக் காற்று பிடித்தார். கிளட்ச்சைப் பிரித்து மாட்டினார்.

டீசல் குறைந்தது.

மறுபடியும் அம்மாவிடம் போனார்.

"பூட்டு போட்டும் எடுக்கிறான்மா."

"எப்படி எடுக்கிறாரு?"

"அதான் தெரியலை. தேர்ந்த கை."

"பேரு கேட்டீங்களா?"

"இல்லை."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நான் வண்டியில வரேன்."

காலையில் கஞ்சி அண்டாக்களை ஏற்றினார்கள். அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தார். மலைக்காரன் வழக்கம்போலப் பின்னால், அண்டாக்களுக்கு நடுவில். கனகசபை கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார். அதில் ரோடு தெரியவில்லை. வெள்ளைக் கேன் தெரிந்தது. அவன் அதை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டிருந்தான்.

"பாருங்கம்மா. இன்னைக்கும் கொண்டாந்துட்டான்."

அம்மா பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை ஏறிக்கொண்டிருந்தது.

கீழ்ப்பட்டியில் கஞ்சி ஊற்றினார்கள். புறப்பட்டார்கள். வண்டி முக்கி முக்கி ஏறியது. தீய்ந்த வாடை வந்தது.

"என்ன வாடை?"

"கிளட்ச்சா இருக்கும். பழைய வண்டி. இப்பத்தான் பிரிச்சு மாட்டினேன், அப்படியும் வருது."

ஒரு வளைவு வந்தது. கனகசபை பேச்சை நிறுத்தினார். வளைவு கழிந்த பிறகு சொன்னார்.

"இங்கதாம்மா. போன மழையில."

"என்ன ஆச்சு?"

"ஒரு பொண்ணு விறகுக் கட்டோட நின்னுச்சு. பிரேக்கை மிதிச்சேன். பிடிக்கலை. வழுக்கிக்கிட்டே போயி அந்தப் பொண்ணுக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. விறகை அப்படியே போட்டுட்டு ஓடிருச்சு. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கலை."

"இப்ப பிடிக்குதா?"

"அதெல்லாம் விட்டுவெப்பேனா? மறுநாளே நாலு சக்கரத்தையும் கழட்டி நானே லைனர் மாத்தினேன். நானே இறுக்கினேன். ஒவ்வொரு மழை வந்து போனதும் இன்னும் கொஞ்சம் இறுக்கி வெச்சிருவேன். தொட்டா நிக்கும்."

அம்மா தலையாட்டினார். அவ்வளவுதான்.

நடுவூருக்கு முன்னால் ஒரு ஓடை. அந்த ஓடை வரைக்கும் ரோடு நீளமாக, நேராக இறங்கும். சைக்கிள்காரர்கள் அங்கே பெடலில் கால் வைப்பதில்லை. எருமைகூட அந்த இடத்தில் ஓடித்தான் போகும்.

வண்டி இறங்கியது.

"இது இறக்கம்தானே?"

"ஆமாம்மா."

"ஏன் மிதிக்கிறீங்க?"

கனகசபை தன் காலைப் பார்த்தார். ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. அழுத்தமாகவே இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

காலை எடுத்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

வண்டி கொஞ்ச தூரம் உருண்டது. தயங்கியது.

நின்றது.

ஓடை கீழே ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கஞ்சி அண்டாவில் அலை அடங்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு வண்டி தெரியாது," என்றார் அம்மா. "எதையெல்லாம் பார்த்தீங்க?"

"குழாய். ஃபில்டர். நாசில். டயர். கிளட்ச்."

"எதைப் பார்க்கலை?"

கனகசபை விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"பிரேக்கு."

"ஏன் பார்க்கலை?"

"அது நான் போட்டதும்மா."

அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கனகசபையும் இறங்கினார். பின் சக்கரத்தின் பக்கம் குனிந்தார். தீய்ந்த வாடை அங்கேதான் இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. இறுக்கி இறுக்கி வைத்த பிரேக், மிதிக்காதபோதும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது; டீசலெல்லாம் அதற்குத்தான் போயிருக்கிறது.

உள்ளங்கையைப் பிரேக் டிரம்மின் மேல் வைத்தார்.

சுட்டது. எடுக்கவில்லை.

"ஐயா!"

கத்தியது மலைக்காரன். குதித்து வந்து கனகசபையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை வெளுத்துச் சிவந்தது.

"தம்பி, அந்தக் கேனைக் கொண்டு வாங்க," என்றார் அம்மா.

அவன் தயங்கினான். அப்புறம் போய் எடுத்து வந்தான். மூடியைத் திருகினான்.

"அதை ஊத்தாதே!" கனகசபை கையைப் பின்னால் இழுத்தார். "எரியும்டா!"

அவன் காதில் வாங்கவில்லை. கையைப் பிடித்து நீட்டிச் சாய்த்தான்.

வெள்ளையாக விழுந்தது. குளிர்ந்திருந்தது. இரண்டு பருக்கைகள் உள்ளங்கையில் தங்கின.

கனகசபை அந்தப் பருக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சி."

"ஆமாங்கய்யா. நேத்து ராத்திரி என் பங்கு. ஆத்தி வெச்சிருந்தேன்."

"யாருக்கு?"

"மேல்முகட்டுக்கு வண்டி போறதில்லீங்களே. அங்க ரெண்டு பேருக்கு எழுந்திரிக்கவே முடியாது."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே."

"நான் திருடன்னு சொன்னேனே. அது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறமும் ஏன் வண்டியில ஏறினே?"

"கஞ்சி ஊத்த ஆள் வேணும்ல."

அவன் கேனை ஆட்டிப் பார்த்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"சக்கரத்துக்கும் ஊத்தவா? அதுவும் சுடுது."

"வேணாம். வெடிச்சிரும்." கனகசபையின் குரல் தாழ்ந்திருந்தது. "தானா ஆறட்டும்."

ஆறுகிற வரைக்கும் மூவரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கனகசபையின் கையில் கட்டினார். வலது கை. இன்றைக்கு அந்தக் கை எதையும் பிடிக்காது.

கனகசபை மலைக்காரன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வண்டி வேலை தெரியுமா?"

"தெரியாதுங்க."

"படு. நான் சொல்றேன்."

சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அவன் அடியில் போனான். கனகசபையும் பக்கத்தில் படுத்தார். டெப்போவில் ஃபோர்மேன் ஆன பிறகு அவர் யார் பக்கத்திலும் படுத்து வேலை செய்ததில்லை.

"சக்கரத்துக்குப் பின்னால தகட்டுல ஒரு ஓட்டை இருக்கும். தெரியுதா?"

"தெரியுது."

"ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடு. பல்லுச் சக்கரம் ஒண்ணு தட்டுப்படும். கீழ் பக்கமா தள்ளு."

"நகரலீங்க."

"நகராது. நான் இறுக்கினது. அமுக்கித் தள்ளு."

டிக் என்றது.

"இன்னும்."

டிக்.

"இன்னும்."

"போதுங்களா?"

"இல்லை. இன்னும்."

"பிரேக்கு பிடிக்காம போயிராதுங்களே?"

கனகசபை கண்ணை மூடிக்கொண்டார். விறகுக் கட்டோடு அந்தப் பெண் நின்றாள்.

"பிடிக்கும்," என்றார். "இன்னும் ஒண்ணு தள்ளு."

டிக்.

கனகசபை இடது கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டியிருந்தது.

மற்ற சக்கரங்களையும் அப்படியே செய்தார்கள். கடைசிச் சக்கரத்துக்கு அவன் கேட்கவில்லை, கனகசபை சொல்லவும் இல்லை. டிக் டிக் என்று கேட்டது, நின்றது. சரியாக இருந்தது.

வெளியே வந்தபோது அவன் முகம் முழுக்கக் கரி. கனகசபை தன் துண்டை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அழுக்காயிடுமுங்க."

"ஆகட்டும். பிடி."

அவன் துடைத்துக்கொண்டான்.

"உன் பேரு என்னப்பா?"

சொன்னான்.

கனகசபை அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அம்மாவின் பக்கம் திரும்பினார். பேர் கிடைத்துவிட்டது. சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அம்மா ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"போகலாமா?"

இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கியர் மாற்றும்போது மட்டும் வலது முழங்கையால் அணைத்துக்கொண்டார். ஹேண்ட் பிரேக்கை விட்டதும், அவர் எதையும் மிதிக்காமலே வண்டி நகர்ந்தது. ஓடைக்கு முன்னால் லேசாகத் தொட்டார். பிடித்தது.

நடுவூரில் கஞ்சி ஊற்றினார்கள். அங்கே வண்டியைத் திருப்புகிற இடத்தில் கனகசபை திருப்பவில்லை.

மேல்முகட்டுக்குப் போகும் பாதையில் புல் முளைத்திருந்தது. வண்டி அதை அழுத்திக்கொண்டு ஏறியது. தீய்ந்த வாடை இல்லை. பச்சைப் புல் வாடை வந்தது.

சத்தம் கேட்டு ஊர் வெளியே வந்தது. ஊர் என்றால் கொஞ்சம் பேர். கையில் ஏனத்தோடு வந்தார்கள், குச்சி ஊன்றி வந்தார்கள். முன்னால் நின்ற கிழவர் வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்தைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னய்யா டிரைவரு, எங்க ஊரு வழி மறந்துபோச்சா?"

"வண்டி கெட்டுப்போச்சு பெரியவரே."

"கெட்டது கெட்டுச்சு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப ஆள் இல்லையா? நாங்க செத்தாச்சு போலன்னு முடிவு பண்ணிட்டீங்களோ?"

கனகசபை தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னால் அண்டாவின் மூடி திறந்தது. ஆவி எழுந்தது. கிழவரின் குரல் இளகியது.

"சரி விடு. வந்துட்டீங்கல்ல." கனகசபையின் கைக்கட்டைக் குச்சியால் காட்டினார். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீயா சரி பண்ணினே?"

"இல்லீங்க."

"பின்னே யாரு? டவுன் மெக்கானிக்கா?"

கனகசபை திரும்பிப் பார்த்தார். அங்கே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஆள் நிமிரவில்லை. அம்மா, ஏனம் பிடிக்க முடியாத ஒருவரின் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் திரும்பவில்லை. ஆனால் காத்திருந்தார்.

"மாதையன்," என்றார் கனகசபை.