மாமனுக்குப் பின்னால் மொத்தக் குடும்பமும்

செங்கோடன், அர்த்தனாரி, நல்லண்ணன் மூவரும் கூடப்பிறந்தவர்கள். மூன்று தலையையும் சேர்த்தாலும் அரை மூளை தேறாது, இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கொத்து வேலையை விட்டுவிட்டு ஃப்ளெக்ஸ் கடை போட்டார்கள். கம்ப்யூட்டரில் படம் வரைவதைச் செல்போன் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

முதல் வேலை, வேலாயுதம் மகளின் காதுகுத்து. போட்டோ வேண்டாம், குடும்பத்தையே கார்ட்டூன் மாதிரி வரைந்து போடுங்கள் என்றான். தாய்மாமன் பொங்கியண்ணன் முகம் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். போன விசேஷத்தில் தன் படம் ஓரத்துக்குப் போய்விட்டதென்று பாதியில் எழுந்து போன மனுஷன் அவர். இந்தத் தடவையும் கோபித்துக்கொண்டால் குழந்தையை மடியில் வைக்க ஆளில்லை; காதுகுத்து நின்றுவிடும்.

ஆளுக்கொரு வட்டம் போட்டுக் கண்ணும் மூக்கும் வைத்தார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு நிழல் போடு என்றது வீடியோ. மூவரும் தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே வந்து மாமன் முகத்தில் பாதியைக் கறுப்பாக்கினார்கள். மத்தியானச் சோறும் டீயும் முடித்துவிட்டு, மறுபடி தெருவுக்குப் போய்ப் பார்த்து, மற்றவர்களுக்குப் போட்டபோது வெயில் திரும்பி நிழல் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

"அண்ணா, மாமன் காலையில நிக்கறாரு. மத்தவங்கெல்லாம் சாயங்காலம் நிக்கறாங்க" என்றான் நல்லண்ணன்.

செங்கோடன் நெடுநேரம் யோசித்தான். "தாய்மாமன்னா முன்னாடியே வந்தறோணும்டா. அதுதான் மரியாதை."

அடுத்து வீடியோ, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நடுவுக்குக் கொண்டுவா என்றது. கொண்டுவந்தார்கள். அத்தனை முகமும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டது. மாமன் முகம்தான் பெரிது, அதுதான் மேலே. வேறு ஒருத்தரையும் காணோம்.

அர்த்தனாரிக்குக் கொஞ்சம் உறுத்தியது. செங்கோடன் அவனை அதட்டினான். சுவரில் பூச்சுக்குப் பின்னால் செங்கல் தெரிகிறதா, அதற்காகச் செங்கல் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டான். நியாயமாகப் பட்டது. அச்சடித்து மண்டப வாசலில் கட்டிவிட்டார்கள்.

ஒற்றை ஆள், பெரிய முகம், பாதி இருட்டு. பார்த்தால் என்ன தோன்றும்? ரோட்டில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் மாலையே வாங்கிவந்து மாட்டிவிட்டு, "நல்ல மனுஷன், பாவம்" என்று கண்ணைத் துடைத்தார். அவருக்குப் பக்கத்தில் சீர்த்தட்டோடு நின்றிருந்தார் பொங்கியண்ணன்.

"மாப்ள, என்னைய அனுப்பியே வெச்சுட்டீங்களா? நான் போறேன்" என்று தட்டைக் கீழே வைத்தார்.

செங்கோடன் பதறாமல் முன்னால் வந்தான். "தனியா விடலைங்க. குடும்பம் மொத்தமும் உங்களுக்குப் பின்னாடிதான் இருக்குது."

மாமன் விடுவிடுவென்று ஃப்ளெக்ஸுக்குப் பின்பக்கம் போனார். வெள்ளைத் துணிதான் இருந்தது. மூன்று பேரும் போய் எட்டிப் பார்த்தார்கள். செங்கோடனே கொஞ்சம் ஆடிப்போனான்.

அர்த்தனாரிதான் யோசித்துச் சொன்னான். "பந்தி போட்டிருப்பாங்க. சாப்புடப் போயிருப்பாங்க."

மாமன் நம்பவில்லை. சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மணையில் உட்கார்ந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தனை பேரும் அங்கதான் இருக்கறாங்க" என்றார் வேலாயுதத்திடம். "சாப்புட்டதும் அவங்கவங்க இடத்துல போய் நிக்கச் சொல்லுங்க மாப்ள. அதுவரைக்கும் என்ற படத்தைத் தனியா உடாதீங்க, யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல நில்லுங்க."