இரண்டாய் விழுந்த ல

மலையடிவாரத்தில் சின்னதாய் ஓர் ஆசிரமம். குரு அகிலாண்டத்துக்கு வயது நாற்பது. சீடர் தாணுலிங்கத்துக்கு எழுபது. குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். புதிதாக வருகிறவர்கள் தாணுலிங்கத்தின் காலில் விழப்போவதும், அவர் பதறியடித்து விலகுவதும் அங்கே வாடிக்கையான வேடிக்கை.

தாணுலிங்கம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அம்மா பேசப் பேச, கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரில் அடித்துவிடுவார். அதற்கென்றே சடசடவென்று சத்தம் போடுகிற மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச். ஒன்று கெட்டால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். மனைவி போன பிறகு அவருக்கு நாள் என்பதே அந்த ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

அந்தக் கீபோர்டில் வந்தது வினை. ‘ல’வை ஒருமுறை தட்டினால் இரண்டாக விழுந்தது. அவர் அடிக்கும் முறையில் இரண்டு ல அடுத்தடுத்து வந்தால், முதல் ல-வின் தலையில் புள்ளி தானாகவே ஏறிவிடும்.

பௌர்ணமியன்று அவர் அடித்து வாசலில் ஒட்டிய அறிவிப்பில், ‘அன்னதானம். பன்னிரண்டு மணிக்கு இலை’ என்பது ‘பன்னிரண்டு மணிக்கு இல்லை’ என்றாகிவிட்டது. பாதிப் பேர் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர், பன்னிரண்டுக்கு இல்லையென்றால் ஒரு மணிக்கு இருக்கும் என்று வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கினார்கள். உள்ளே சமையற்காரர் ஓர் அண்டா சாம்பாரை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாணுலிங்கம் கூனிக் குறுகிப் போனார். புது சுவிட்ச் வரவழைத்து மாட்டினார். ல அப்படியேதான் விழுந்தது. போதாததற்கு ர-வும் சேர்ந்துகொண்டது. அம்மா கருணை என்று சொன்னால் திரையில் ‘கர்ருணை’ என்று உறுமியது. அதையும் மாற்றினார். பிறகு ப-வையும்.

ஒருநாள் காலை கீபோர்டைத் தூக்கிக்கொண்டுபோய் குருவின் முன்னால் வைத்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“மூணு சுவிட்ச் மாத்திட்டேன். மூணும் அதே கூத்துதான். இனி எதை மாத்தினா சரியாகும்?”

அகிலாண்டம் கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கச் சொன்னார். அவருக்கு டைப்பிங் தெரியாது. ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடிக் கோழி கொத்துவதுபோல் அடித்தார். இலை. மரம். அபயம். எல்லாம் ஒழுங்காக விழுந்தன.

“சரியாத்தானே இருக்கு?”

“உங்களுக்குச் சரியா விழுது. எனக்குத்தாம்மா மக்கர் பண்ணுது.”

“இடது கையால அடிச்சுப் பாருங்க.”

அடித்தார். இலை.

“இப்போ வலது கை.”

இல்லை.

தாணுலிங்கம் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நிற்காமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காபி டம்ளரைப் பிடிக்கும்போதும் அது ஆடியிருக்கிறது. டம்ளர் சூடு என்று நினைத்துக்கொண்டார். இப்போது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமாம்மா?”

“விபூதி வாங்கையில சிந்துதே. பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“வாய் வரல அண்ணாச்சி. நாலு நாளா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன், முடியல. சாயங்காலம் தென்காசிக்கு டாக்டர்ட்ட போறோம். வண்டி சொல்லியாச்சு. நானும் வாரேன்.”

தாணுலிங்கம் தலையாட்டினார். பிறகு குனிந்து கீபோர்டின் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்ற ஆரம்பித்தார். விரல் ஆடியதில் வயர் நழுவி நழுவி விழுந்தது.

“என்ன செய்யுதீங்க?”

“டாக்டர் பாக்கட்டும்மா. ஆனா எழுத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. நீங்க ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு அடிச்சு, உங்க வார்த்தைய நானே கெடுக்கக் கூடாது.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளைக் காலை அந்த ஒரு மணி நேரத்தை எங்கே போய்க் கழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அகிலாண்டம் அவர் கையிலிருந்த வயரை வாங்கித் திரும்பவும் செருகினார். தன் பாயை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கீபோர்டின் வலது ஓரத்தில் எழுத்தை அழிக்கும் பட்டன் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“நான் சொல்லுதேன், நீங்க அடிங்க. கூட விழுறத நான் அழிச்சுக்கிடுதேன்.”

தாணுலிங்கம் பதறிப்போனார். “என்னம்மா இது! சீடன் அடிக்க அடிக்க, குரு பக்கத்துல உக்காந்து அழிச்சுக்கிட்டா இருப்பாங்க?”

“பின்ன குரு எதுக்கு அண்ணாச்சி?” என்றார் அகிலாண்டம்.